படம் பார்த்த சாட்சிகள்

படத்தைத் தேர்ந்தெடுத்தது ஸ்நேகா. சண்டையும் சத்தமும் நிறைய இருக்க வேண்டும், ஆனால் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது யாரும் ரிமோட்டைத் தேடும்படி இருக்கக்கூடாது, முக்கியமாக நீளமாக இருக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். ஏழாவது படிக்கும் அவளுக்கு இது அதிசயமாக இருந்தது. அப்பா யேசுதாஸ் எந்தப் படத்தையும் இடைவேளைக்கு மேல் முழித்திருந்து பார்த்தவர் இல்லை.

"ஒரு உளவாளி படம் கீதுப்பா. செம காமெடி. இட்லி மாவு கடை வெச்சிருப்பான். ஊட்ல யாருக்கும் தெரியாது."

"சத்தமா இருக்குமா?"

"கிரைண்டரே வெடிக்கும்."

யேசுதாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அதையே போடு" என்றார்.

அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் வேலை செய்தார். வீடு ஆரம்பாக்கத்தில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில். அந்த உலையில் தீ கிடையாது. பெரிய குடத்தைச் சுற்றிச் செம்புக் குழாயை வளையமாக ஓட்டி அதில் மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். குடத்துக்குள் கிடக்கும் பழைய இரும்பு தனக்குள்ளேயே சூடேறி, தானாகவே உருகிக் குழம்பாகும். மேலே பழைய இரும்பைப் போடப் போட அதுவும் கரைந்து குழம்பில் சேரும். இரும்போடு தண்ணீர் போகாத வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் குழம்புக்கு அடியில் மாட்டினாலும் அந்தக் கணமே ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் இல்லாததால் மேலே இருக்கிற குழம்பைத் தூக்கி வீசிவிட்டுத்தான் வெளியே வரும். அதனால் மழைக்காலத்தில் பழைய இரும்பைக் கூரைக்குக் கீழே உலர்த்திப் பிறகு போட வேண்டும். இந்த வருஷம் கூரை பிரித்துக் கிடந்தது. ஐப்பசி மழை. நனைந்த இரும்பு அப்படியே உலைக்குப் போனது.

உலை மேடையில் நின்று இரும்பைக் கம்பியால் தள்ளிக்கொண்டிருந்த கோபால், குழம்பு தெறித்து வெந்துபோனான். முகம், மார்பு, வலது கை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, வீட்டில் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்துவிட்டது என்று ஆலைக்காரர்கள் சொல்லிச் சேர்த்தார்கள். ஆலையில் நடந்த விபத்து என்றால் அவனுக்கு வாழ்நாள் முழுவதும் மாதாமாதம் உதவிப் பணம் உண்டு. வீட்டில் நடந்தது என்றால் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு உலை மேடையில் இருந்து பார்த்தவர்கள் யேசுதாஸ், சாம்சன், முனுசாமி மூன்று பேர்தான். திருவள்ளூரில் இருக்கிற தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்குப் போய் மூவரும் சேர்ந்து சொன்னால் எண்ணெய்ச் சட்டிக் கதை நிற்காது. ஆனால் விபத்துக்கு அடுத்த நாளே மூவரையும் மூன்று ஷிப்டில் போட்டுவிட்டார்கள். ஒருவன் நுழையும்போது மற்றவன் வெளியே வருவான். போனில் பேசப் பயம். ஏற்கனவே ஒரு வாட்ஸ்அப் பேச்சு அப்படியே ஆபீசுக்குப் போயிருந்தது. டீக்கடையில் பேசலாமென்றால் டீ ஆற்றுபவர் தவிர எல்லோரும் அதே ஆலை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு படம் பார்க்கக் கூடினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது சாம்சன் யோசனை. பெண்களும் பிள்ளைகளும் முன் அறையில் படம் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்தில் ஆண்கள் பின் அறையில் பேசி முடிப்பார்கள்.

யேசுதாஸின் மனைவி செண்பகத்துக்கு இது பிடிக்கவில்லை.

"சாட்சி சொல்லிட்டு வந்து சோத்துக்கு இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"பேசத்தானே போறோம். இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல."

"பேசறதுக்குக் கோழி அடிக்கணுமா?"

ஆனாலும் அடித்தாள். வந்தவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்பினால்தான் தெருவுக்குச் சந்தேகம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. கோழிக் குழம்பு கொதிக்க, பக்கத்து அடுப்பில் நெத்திலி வறுபட, சாம்சன் தன் மனைவி பிள்ளையோடு வந்தான். முனுசாமி ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தனியாக பஸ்ஸில் வந்தார். நடவு வயலில் நின்ற மழைத்தண்ணீரை விடியலிலிருந்து வடித்துவிட்டு வந்ததால் கணுக்கால் வரை சேறு காய்ந்திருந்தது. மூவரில் மூத்தவர் அவர்தான். ஆந்திர எல்லைப்பக்கத்து ஆள் என்பதால் எல்லோரும் அவரைத் தெலுங்கு முறையில் நைனா என்பார்கள்.

கோபாலின் மனைவி ஜெனிபரும் வந்தாள். யாரும் அவளை அழைக்கவில்லை. இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தாள், அவளுக்கும் விஷயம் தெரியும். சுவரோரமாக உட்கார்ந்து புடவை முந்தானையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் தனியாக இன்டர்நெட் இல்லை. செண்பகத்தின் போனிலிருந்து டிவிக்கும் சாம்சனின் போனுக்கும் இணைப்புக் கொடுத்து, சாம்சன் போனில் ஓடும் படத்தை ஸ்நேகா டிவிக்கு ஏற்றினாள். மழையில் சிக்னல் இழுக்கும்போதெல்லாம் படம் நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்றும். யாரும் முன்கூட்டி நினைத்துப் பார்க்காத சிக்கல் இதுதான். படம் நின்றால் சத்தம் நிற்கும். சத்தம் நின்றால் பின் அறைப் பேச்சையும் நிறுத்த வேண்டும்.

"அதுக்கு முன்னாடி தண்ணி வடிஞ்சிதா இல்லியான்னு..." என்று சாம்சன் ஆரம்பிப்பான். வட்டம் சுற்றும். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மூச்சடக்கி இருப்பார்கள். முன் அறையில் துப்பாக்கி வெடித்ததும் பேச்சு தொடரும்.

அப்படி வட்டம் சுற்றிய ஒரு நேரத்தில்தான் வாசலில் பைக் நின்றது. சத்தம் நின்றதையோ பைக் வந்ததையோ சாம்சன் கவனிக்கவில்லை.

"நான் சொல்றேன்ணா, இரும்புல தண்ணி இருந்திச்சின்னு நான் சொல்றேன். நீ கூட நில்லு."

கையில் முட்டைப் பப்ஸ் பெட்டியோடு வாசலில் நின்றிருந்தான் எட்வர்ட். செண்பகத்தின் தம்பி. அதே ஆலையில் டைம் ஆபீசில் வேலை. கேட்டில் ஆட்கள் தொடும் அட்டைகளைத் திறப்பதும் அடைப்பதும் அவன் கம்ப்யூட்டரில்தான் நடக்கும்.

"இன்னாக்கா, படமா? என்ன உட்டுட்டுப் பாக்கறீங்க?"

ஸ்நேகா, "மாமா!" என்று பப்ஸ் பெட்டியைப் பிடுங்கினாள். தாய்மாமனை வாசலில் நிறுத்திப் பேசுகிற வழக்கம் எந்த வீட்டில் இருக்கிறது? செண்பகம் உள்ளே வரச் சொன்னாள். பின் அறையிலிருந்து மூவரும் கொட்டாவி விட்டபடி வந்தார்கள், தூங்கி எழுந்தவர்களைப் போல. சாம்சன் கொட்டாவியைக் கொஞ்சம் அதிகமாகவே விட்டான்.

"உளவாளி படமாம் மச்சான். உக்காரு" என்றார் யேசுதாஸ்.

எட்வர்ட் உட்காரவில்லை. "தண்ணி குடுக்கா" என்று அவளுக்குப் பின்னாலேயே சமையல் அறைக்குள் போனான்.

"நீயா வந்தியா, அனுப்புனாங்களா?" என்று செண்பகம் திரும்பாமலே கேட்டாள்.

எட்வர்ட் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தான். அவள் கரண்டியை வைத்தாள்.

"யாரு?"

"சுப்பராயன் சார். மூணு பேரும் ஒரே ஊட்ல கூடறாங்களாம், இன்னா ஏதுன்னு பாத்துட்டு வான்னாரு. நான் இன்னா பண்ணட்டும்? மாட்டேன்னா எனக்கும் சீட்டு கிழியும்."

சுப்பராயன் ஆலையின் பணியாளர் அதிகாரி. கையில் எப்போதும் வெந்நீர் பிளாஸ்க்கோடு, சத்தம் போடாமல் பேசுகிறவர்.

"பாத்துட்டே இல்ல. படம் பாக்கறாங்க. போய் அத்தச் சொல்லு."

"நான் கேட்டுட்டேனேக்கா. சாம்சன் சொன்னத."

"எட்வர்ட்டு. அம்மா போனதுக்கப்புறம் உனக்கு ஆக்கிப் போட்டது யாரு? நீ ஒண்ணும் கேக்கல. படம் பாத்தாங்க, கோழி துன்னாங்க. அவ்ளோதான்."

அவன் செம்பைக் குடிக்காமலே கீழே வைத்தான். "சரி. சொல்லிடறேன். ஆனா அவரு உடமாட்டாரு. ஒவ்வொருத்தரையா தனித்தனியா கூப்ட்டு இன்னா படம், இன்னா கதைன்னு கேப்பாரு. ஒருத்தன் உளறினாலும் எல்லாரும் மாட்டினீங்க. நானும்தான்."

பின் அறைப் பேச்சு அத்தோடு நின்றது; எட்வர்ட் சொன்னதைச் செண்பகம் எல்லோரிடமும் சொன்னாள். அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்தால் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். ஸ்நேகா படத்தை முதலிலிருந்து போட்டாள். இட்லி மாவு விற்கும் உளவாளி, எதிரியிடமிருந்து எடுத்த சின்ன சிப் ஒன்றைக் கிரைண்டர் கல்லுக்குள் ஒளித்து வைக்கிறான். அது தெரியாத அவன் மனைவி, பழசுக்குப் புதுசு என்று வந்த வண்டிக்காரனிடம் கிரைண்டரைக் கொடுத்துவிடுகிறாள். உளவாளியும் எதிரிகளும் ஊர் ஊராகக் கிரைண்டரைத் துரத்துகிறார்கள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். ஆண்கள் மூவரும் எட்வர்ட்டும் முகத்தில் அசைவில்லாமல் பார்த்தார்கள்.

"அந்தத் தொப்பிக்காரன் நல்லவனா கெட்டவனா?" என்று யேசுதாஸ் சாம்சனைக் கேட்டார்.

"கெட்டவன்ணா. ஆனா நல்லவன் மாதிரி."

"பேஜாருடா இது. கிரைண்டரு இப்ப எங்க கீது?"

"சித்தூர்ல, ஒரு காதுகுத்துல."

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே முனுசாமி உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். விடியலிலிருந்து வயலில் நின்ற உடம்பு. மாவு வாளி கவிழ்ந்து வில்லன் வழுக்கி விழும் இடத்தில் எழுந்து, எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரித்துவிட்டு மறுபடி தூங்கினார்.

படம் முடிந்ததும் சாம்சன்தான் சொன்னான். "ஆடிட்டுக்குப் படிக்கற மாதிரி படிச்சிடலாம்."

வெளிநாட்டுக் கம்பெனிகள் இரும்பு வாங்குவதற்கு முன் ஆலையைப் பார்வையிட ஆள் அனுப்புவார்கள். அவர்கள் தொழிலாளிகளிடமும் கேள்வி கேட்பார்கள். ஹெல்மெட் எப்போது போடுவீர்கள் என்று கேட்டு ஒருவன் ஒரு பதிலும் இன்னொருவன் வேறு பதிலும் சொன்னால் ஆலைக்குக் கெட்ட பெயர். அதனால் ஆடிட் வருவதற்கு முன்பு எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்து, கேள்வியையும் பதிலையும் சொல்லி, திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள். ஒரு வார்த்தை கூடக்கூடாது, குறையக்கூடாது. வருஷக்கணக்காக இப்படிப் பழகிய ஆட்களுக்கு, பத்துப் பேர் ஒரே மாதிரி சொல்வதுதான் உண்மை என்று மனதில் படிந்து போயிருந்தது. யாருக்கும் அதில் பிசகு தோன்றவில்லை.

ஸ்நேகா கதையைச் சுருக்கிச் சொன்னாள். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

"ஒரு ஊரில் மாவுக்கடை உளவாளி இருந்தார். அவர் குடும்பத்துக்கு அது தெரியாது."

"'இருந்தாரு'ன்னு சொல்லுப்பா. புக்கு மாதிரி சொல்லாத."

"இருந்தாரு. குடும்பத்துக்கு அது தெரியாது."

எட்வர்ட்டும் சேர்ந்து சொன்னான். முனுசாமியை எழுப்பிக் கேட்டபோது, "அந்தப் பொம்பள கிரைண்டர வித்துட்டா, அவ்ளோதானே?" என்றார். "நைனா, நீ போயிட்டு லீவு போட்ரு" என்றான் சாம்சன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்கள் உண்மையாகச் சிரித்தது அப்போதுதான்.

கிளம்பும்போது ஜெனிபர் சமையல் அறை வாசலில் நின்றாள். பெரிய கிண்ணத்தில் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள் செண்பகம்.

"அக்கா, பேசினாங்களா?"

"படம் நின்னு நின்னு ஓடிச்சிம்மா..."

"போறாங்களாக்கா? திருவள்ளூருக்கு?"

செண்பகம் கிண்ணத்துக்கு மூடி தேடினாள். பக்கத்திலேயே இருந்த மூடியை வெகுநேரம் தேடினாள்.

மறுநாள் யேசுதாஸை எல்லோருக்கும் கடைசியாகக் கூப்பிட்டார்கள்.

சுப்பராயன் பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே கேட்டார். "உக்காருப்பா. உங்க ஊட்ல படமாமே. நல்லா இருந்திச்சா?"

"நல்லா இருந்திச்சி சார்."

"எங்களுக்கும் சொல்லேன்."

"ஒரு மாவுக்கடை உளவாளி இருந்தாரு சார். குடும்பத்துக்கு அது தெரியாது. அவரு எதிரிகிட்ட இருந்து எடுத்த சிப்ப..."

"கிரைண்டர் கல்லுல ஒளிச்சி வெக்கிறாரு" என்று முடித்தார் சுப்பராயன். "பழசுக்குப் புதுசு வண்டி வருது. அது தெரியாத சம்சாரம் கிரைண்டர குடுத்துடுறாங்க. அப்புறம் ஒரு மூச்சு உடுவீங்க. அப்புறம் சித்தூரு."

யேசுதாஸ் வாயை மூடிக்கொண்டார்.

"சாம்சனும் இதான் சொன்னான். எட்வர்ட்டும் இதேதான். அதே வார்த்தை, அதே எடத்துல மூச்சு. படம் பாத்தவன் இப்டியாப்பா சொல்லுவான்? என் பொண்ணு சினிமாவுக்குப் போய்ட்டு வந்தா சட்டைக் கலரச் சொல்லுவா, கதைய உட்ருவா." அவர் வெந்நீரைக் குடித்தார். "உங்களுக்கு இப்டிச் சொல்லப் பழக்குனது யாரு? நான்தானே. எனக்கே திருப்பிப் போடறீங்களே."

மழை கண்ணாடி ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது.

"உங்க எல்லார்லயும் உண்மையா படம் பாத்தவன் முனுசாமி ஒருத்தன்தான். கிரைண்டரு நம்ம பழைய இரும்பு யார்டுக்கே வந்திச்சாம், உலைல போட்டாங்களாம். நான் சிரிச்சிட்டேன். அவன் ஒரு பக்கம் தூங்கிக்கினு பாத்திருக்கான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, அவன உட்டுட்டேன்." குரல் இன்னும் தாழ்ந்தது. "நீ விவரமான ஆளு. கோபால் எங்க வெந்தான்?"

யேசுதாஸ் தரையைப் பார்த்தார். "யோசிச்சி சொல்றேன் சார்."

"யோசி. அதுவரைக்கும் ஊட்லயே இருந்து யோசி."

அன்று சாயங்காலம் எட்வர்ட் வந்தான். பைக்கை விட்டு இறங்கும்போதே அழுதிருந்தது தெரிந்தது.

"என் கையாலயே அடைக்கச் சொன்னாருக்கா. மாமா அட்டையையும் சாம்சன் அட்டையையும். பக்கத்துல நின்னு பாத்துக்கினே இருந்தாரு. மறுபடி திறக்கறதும் என் கைலதான் கீதாம். எண்ணெய்ச் சட்டிதான்னு மாமா ஒரு வார்த்தை சொன்னா போதுமாம், அடுத்த நிமிஷம் திறந்துடலாமாம்."

"உன்ன?"

"வெச்சிக்கினாரு. பொய் சொன்னதுக்கு நீ எனக்குக் கடன்பட்டிருக்கேன்னு சொல்றாரு."

செண்பகம் கணவனைப் பார்த்தாள். அவர் டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். டிவி அணைந்திருந்தது.

"சொல்லிடுங்களேன்" என்றாள். "ஒரு வார்த்தைதானே. நாம சொல்லாட்டி மட்டும் அவன் கை சரியாயிடுமா?"

"காலைல சொல்றேன்னு சொல்லு மச்சான்."

என்ன சொல்வார் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

காலையில் யேசுதாஸ் தன் ஷிப்டுக்குக் காத்திராமல், அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாம்சனோடு ரயிலேறிப் போனார். ஆலை கேட்டில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு தடுப்புகள் உண்டு. அட்டையைத் தொட்டால் பச்சை விளக்கு எரிந்து தடுப்பு விலகும். ஓர் ஆள் நுழைந்ததும் மூடிக்கொள்ளும். பச்சை எரியாதா என்று தொட்டுப் பார்க்கத்தான் போயிருக்கிறார் என்று செண்பகத்துக்குத் தெரியும். அவள் உலை வைத்தாள். மூன்று பேருக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து அரிசிப் பானையில் திரும்பப் போட்டாள். பிறகு அந்தப் பிடியையும் எடுத்துச் சேர்த்தாள்.

வெயில் ஏறுமுன் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். யேசுதாஸ், பின்னால் சாம்சன். அவர்களுக்குப் பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தவர் முனுசாமி.

"நைனாவுமா?" என்றாள் செண்பகம்.

"காலை ஷிப்ட்டு இவரோடது, இவருக்குப் பச்சை வந்திச்சிக்கா" என்றான் சாம்சன். கோபமா ஆச்சரியமா என்று சொல்ல முடியாத குரல். "எங்க ரெண்டு பேருக்கும் செவப்பு. இவரு எங்களத் திரும்பிக்கூடப் பாக்காம உள்ள போயிட்டாரு. நான் கேட்டாண்டயே நின்னு அசிங்கமா திட்டினேன். கொஞ்ச நேரம் கழிச்சி செக்யூரிட்டி கையப் புட்ச்சி வெளிய கூட்டினு வந்து உட்றான்."

"உள்ள போய் இன்னா பண்ணீங்க?"

முனுசாமி தண்ணீர்த் தொட்டியில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். "மாடியேறிப் போனேம்மா. கோபால் எப்டி வெந்தான்னு ஆரம்பத்துல இருந்து சொன்னேன். மழைத்தண்ணி சொட்டச் சொட்ட இரும்பு வந்திச்சு, வோணாம்னு நான் கையக் காட்டினேன், நிக்காம போடுன்னு கீழ இருந்து சத்தம் வந்திச்சு. யாரு சத்தம்னும் சொன்னேன்."

"ஏன்யா? உன்ன உட்டுட்டாங்களே!" என்றான் சாம்சன்.

"எதுக்கு உட்டாங்க? தூங்கினவன்னு உட்டாங்க." அவர் துண்டால் காலைத் துடைத்தார். "படத்துல தூங்கினது நெசம். அத்த வெச்சிக்கினு நாளைக்குத் திருவள்ளூர்ல, உலை மேடைலயும் தூங்கிக்கினுதான் இருந்தான்னு சொல்லுவாரு இல்ல? அதான், அங்க முழிச்சிக்கினுதான் இருந்தேன்னு அவராண்டயே சொல்லிட்டு வந்தேன்."

யேசுதாஸ் கழுத்தில் இன்னும் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"நாம..." என்று ஆரம்பித்தான் சாம்சன். யேசுதாஸ் தெருவைப் பார்த்தார். இரண்டு வீடு தள்ளி ஜெனிபர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற கூடையோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

செண்பகத்தின் போன் அடித்தது. எட்வர்ட்.

"அக்கா, மாமா வந்துட்டாரா? முனுசாமி இன்னா இன்னாவோ பேசிட்டுப் போயிட்டாரு. சாரு, மாமாவோட பதிலக் கேக்கறாரு. சொல்லச் சொல்லுக்கா. நான் கம்ப்யூட்டர்ல கைய வெச்சிக்கினு உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை."

செண்பகம் போனைக் கணவனிடம் நீட்டவில்லை. அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தார். கை நீளவுமில்லை.

"சார் பக்கத்துல கீறாரா?"

"கீறாருக்கா."

"அப்போ அவருக்கும் கேக்கட்டும். உங்க மாமா ஊட்ல இல்ல. திருவள்ளூர் போயிருக்காரு."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நீ உன் வேலையப் பாரு எட்வர்ட்டு. உம் மேல எனக்குக் கோவம் இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

யேசுதாஸ் அவளையே பார்த்தபடி நின்றிருந்தார்.

"நிக்கறீங்களே" என்றாள். "போயிட்டீங்கன்னு சொல்லிட்டேன். ஜெனிபரையும் கூட்டிக்கினு போங்க. சோறு ஆயிடிச்சி, துன்னுட்டே கெளம்புங்க."

அவர் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு வாசலுக்குப் போய், தெருவில் இறங்கிவிட்ட ஜெனிபரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.